மறைந்த பின்னும் தெரியும் சூரியன்

(ரமலான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

  

இன்றைய உரை ஜகாத் பற்றியது என்று நிர்வாகக் கமிட்டியார் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அதனை நாளைக்கு ஒத்திவைக்க முத்தவல்லி அவர்களிடம் அனுமதி பெற்றுக்கொண்டேன். இன்று நான் பேசவிருப்பது ஒளியைப் பற்றி. காற்றிலிருந்து நீருக்குள்ளும், நீரிலிருந்து காற்றுக்குள்ளும், வானவெளியிலிருந்து பூமியைச் சூழ்ந்த காற்றுக்குள்ளும் ஒளி நுழையும்போது அந்த எல்லையில் அதற்கு என்ன நேர்கிறது என்பதே பொருள். இது பள்ளிக்கூட ஆசிரியரின் வேலையன்றோ, ஹஜ்ரத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு இதில் அடைக்க வேண்டிய ஒரு கடன் இருக்கிறது. அது சபையில் பட்ட கடன். ஆகவே சபையிலேயே அடைக்க வேண்டியிருக்கிறது.

சில ரமலான்களுக்கு முன்பு, நோன்பு திறக்கும் நேரத்தில் நாம் பலர் இந்தப் பள்ளியின் மேல்மாடியில் கஞ்சிக் கோப்பைகளுடன் அமர்ந்திருந்தோம். மேற்கே வயல்வெளிக்கு அப்பால் பனைமரங்களின் அடியைச் சூரியன் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நம் மஹல்லாவின் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், நாம் பார்க்கிற இந்தச் சூரியன் உண்மையில் அங்கே இல்லை. அது அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. காற்று ஒளியை வளைத்து நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது" என்று சொன்னார். நோன்பின் களைப்பா, நாவின் துடுக்கா அறியேன். "கண்ணெதிரே நிற்கும் சூரியனை இல்லை என்று சொல்வதற்குத்தான் கல்லூரிக்குப் போகிறாயா தம்பி? நாளைக்கு நான் நிற்பதையும் இல்லை என்பாய் போலிருக்கிறதே" என்று கூறிவிட்டேன். சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பின்னும் அவர் தொழுகைக்கு வந்தார். ஆனால் இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார். அதுவரை வாரம் ஒரு கேள்வியேனும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை. அதுதான் இன்னும் மோசமானது.

கடந்த ஆண்டு என் மகள் தன் இயற்பியல் பாடநூலில் உள்ள ஒரு சோதனையை அடுப்படியில் செய்து காட்டினாள். பித்தளைக் கிண்ணம் ஒன்றின் அடியில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகரச் சொன்னாள். கிண்ணத்தின் விளிம்பு மறைத்து நாணயம் கண்ணிலிருந்து மறைந்த இடத்தில், "அத்தா, அப்படியே நில்லுங்கள்" என்றாள். பிறகு கிண்ணத்தில் மெதுவாக நீரை ஊற்றினாள். மறைந்த நாணயம் விளிம்புக்கு மேலே எழுந்து வந்து நின்றது! நாணயம் நகரவில்லை, நானும் நகரவில்லை, நடுவில் நீர் வந்தது, அவ்வளவே. எனக்கு உடனே மேல்மாடியும் பனைமரமும் நினைவுக்கு வந்தன. கிண்ணத்தின் விளிம்புதான் அடிவானம். நாணயம்தான் சூரியன். நீர் இருக்கும் இடத்தில் காற்று. அந்தப் பிள்ளை சொன்னது இதுவே அல்லவா!

பெருமக்களே! இது ஏன் நிகழ்கிறது என்பதைக் கூறிவிடுகிறேன். ஒளி வெற்றிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நீருக்குள் அதன் வேகம் ஏறத்தாழ 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டராகக் குறைகிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் 2 லட்சம்தான். ஒரு கட்டைவண்டி தார்ச்சாலையிலிருந்து மணலுக்குள் சாய்வாக இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் மணலில் இறங்கும் சக்கரம் மெதுவாகிறது. சாலையில் இருக்கும் மற்றச் சக்கரம் பழைய வேகத்திலேயே வருகிறது. ஆகவே வண்டி தானாகவே மணல் பக்கமாகத் திரும்புகிறது. இரண்டு சக்கரங்களும் நேராக ஒரே நேரத்தில் மணலில் இறங்கினால் வேகம் குறையுமே தவிர வண்டி திரும்பாது. ஒளியும் அப்படித்தான். எல்லையில் செங்குத்தாக விழும் ஒளி நேரே போகிறது. சாய்வாக விழும் ஒளி திசை மாறுகிறது. இதனை ஒளிவிலகல் என்பர்.

நமது ஹவுளில் கை கால் கழுவும்போது இதை நாம் தினமும் ஐந்து வேளை பார்க்கிறோம், பார்த்தும் எண்ணிப்பார்ப்பதில்லை. நான்கடி ஆழமுள்ள நீர் மேலிருந்து நேராகக் குனிந்து பார்ப்பவருக்கு மூன்றடியாகவே தோன்றும். சாய்வாகப் பார்த்தால் அதனினும் குறைவாகத் தோன்றும். சிறு பிள்ளைகளை ஹவுளின் ஓரத்தில் தனியே விடாதீர்கள் என்று மோதினார் அவர்கள் சப்தமிடுவதில் ஓர் இயற்பியல் நியாயம் இருக்கிறது.

இந்த விலகலை அளக்க முயன்றவர்களின் வரலாறு நீண்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அரபியில் பத்லமியூஸ் என்று அழைக்கப்படுபவர், காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் ஒளிக்குப் பத்துப் பத்துப் பாகையாக ஓர் அட்டவணையே தந்தார். 10 பாகைச் சாய்வில் விழும் ஒளி நீருக்குள் 8 பாகையாகும், 20 பாகை 15½ ஆகும், 30 பாகை 22½ ஆகும் என்று போய், 80 பாகை 50 ஆகும் என்று அந்த அட்டவணை முடிகிறது. உற்று நோக்கினால் ஒரு விந்தை தெரியும். ஒவ்வொரு படிக்கும் உள்ள வேறுபாடு 8, 7½, 7, 6½ என்று சரியாக அரை அரைப் பாகையாகக் குறைந்துகொண்டே வருகிறது. அளந்த எண்கள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. அளந்ததைத் தமக்குப் பிடித்த ஒழுங்குக்குள் அவர் சற்றே தள்ளிவைத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. இன்று நாமறிந்த விதிப்படி, கடைசி எண் 50 அன்று. 47½ பாகைக்குச் சற்று மேல்.

சரியான விதியை முதலில் எழுதியவராக நமக்குத் தெரியவருபவர் பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் ஆவார். சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றி கி.பி. 984ஆம் ஆண்டளவில் அவர் ஒரு நூல் எழுதினார். அதில், எந்தச் சாய்வில் விழுந்தாலும் இரண்டு கோடுகளின் நீளங்களுக்கிடையே உள்ள விகிதம் மாறாது என்று வரைந்து காட்டினார். அதனைப் பள்ளிக்கூட மொழியில் சொன்னால், விழும் கோணத்தின் சைன் மதிப்பை விலகிய கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் மாறுவதில்லை. காற்றுக்கும் நீருக்கும் அந்த எண் 1.33. சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. வைரத்துக்கு 2.42.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறிவியல் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள், ஐரோப்பியர் அதைத் திருடிக்கொண்டார்கள் என்று நம் மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் நடந்தது வேறு. இப்னு ஸஹ்லின் ஏடுகள் சிதறிப்போயின. ஒரு பகுதி தெஹ்ரானிலும் ஒரு பகுதி திமிஷ்கிலும் கிடந்தன. ருஷ்தி ராஷித் என்ற அறிஞர் இரண்டையும் பொருத்திப் பார்த்து 1990இல் உலகுக்கு வெளிப்படுத்தினார். 1621இல் ஹாலந்தில் ஸ்நெல் என்பவர் இதே விதியைத் தம் சொந்த உழைப்பால் கண்டார். அவர் அதை வெளியிடவில்லை. 1637இல் பிரான்சின் டெகார்த் அதை அச்சில் வெளியிட்டார். அவர்கள் எவரிடமிருந்தும் திருடவில்லை. நம்மிடம் இருந்ததை நாமே ஆறு நூற்றாண்டுக்கும் மேலாக மறந்துகிடந்தோம்.

அடுத்து வருபவர் இப்னுல் ஹைஸம். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் அங்கேயே காலமானவர். அவருடைய கிதாபுல் மனாழிர் ஏழு பகுதிகளைக் கொண்டது. ஏழாவது பகுதி முழுவதும் ஒளிவிலகலைப் பற்றியதே. தாலமியை அவர் மதித்தார். அதே நேரத்தில் தாலமியின் மீதான ஐயங்களை மட்டுமே தொகுத்து ஒரு தனி நூலும் எழுதினார். இப்னு ஸஹ்ல் கண்ட விகிதத்தை இவர் தம் நூலில் தரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏழாம் பகுதியில் ஒரு வழிமுறையைச் சொல்கிறார். தலைக்கு நேர் மேலே கடந்து செல்லும் ஒரு விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது உதிக்கும்போது வானத் துருவத்திலிருந்து எவ்வளவு தொலைவில் தெரிகிறது என்று வளையக் கருவியால் அளந்துகொள்ளுங்கள். உச்சிக்கு வந்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இராது. அடிவானத்தில் இருக்கும்போது குறைந்து தெரியும். விண்மீன் தன் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே அடிவானத்தில் நாம் காண்பது அதன் உண்மையான இடமன்று. வானத்தின் ஒளி காற்றுக்குள் நுழையும்போது விலகியே நம் கண்ணை அடைகிறது என்கிறார்.

சகோதரர்களே! இந்த மனிதரின் பெயரை எத்தனை மேடைகளில் நான் பெருமையோடு உச்சரித்திருக்கிறேன்! அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே செய்தியை, நம் பிள்ளை ஒருவர் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னபோது, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எல்லையில் ஒளி விலகுவது மட்டுமல்ல, ஒரு பகுதி திரும்பியும் வருகிறது. கண்ணாடியில் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு திரும்புகிறது. நீரில் இரண்டு பங்கு. சாய்வு கூடக் கூடத் திரும்பும் பங்கு ஏறிக்கொண்டே போய், தரையோடு தரையாகப் பார்க்கும்போது ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. அதனால்தான் காலடியில் உள்ள குளத்து நீரில் அடிமண் தெரிகிறது. அக்கரைப் பக்கத்து நீரில் வானம் தெரிகிறது. சூரா அந்நம்லில், ஸபா நாட்டு அரசி சுலைமான் (அலை) அவர்களின் மாளிகைக்குள் நுழையும்போது பளிங்குத் தளத்தை நீர்த்தடாகம் என்று எண்ணி ஆடையை உயர்த்திய வரலாறு வருவதை நீங்கள் அறிவீர்கள். தஃப்ஸீருக்குள் இயற்பியலைத் திணிப்பது எனக்கு உடன்பாடன்று. இருப்பினும் அகன்ற கண்ணாடித் தளத்தை வாயிலில் நின்று சாய்வாகப் பார்ப்பவருக்கு அது நீராகத் தோன்றுவதில் வியப்பில்லை என்று மட்டும் கூறி நகர்கிறேன்.

நீருக்குள்ளிருந்து மேல்நோக்கி வரும் ஒளிக்கு மற்றொரு நிலையும் உண்டு. சாய்வு ஏறத்தாழ 49 பாகையைக் கடந்துவிட்டால் அது வெளியே வருவதேயில்லை. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. துபாயில் இருக்கும் பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் கடலடிக் கண்ணாடி இழைகளின் வழியாக நம் வீட்டுக்குக் கொண்டுவருவது இந்த முழு அக எதிரொளிப்புதான். கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ என்பவர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை ஒன்றை மழைத்துளிக்குப் பதிலாக வைத்து, ஒளி உள்ளே நுழையும்போது ஒருமுறையும் வெளியேறும்போது ஒருமுறையும் விலகி, இடையில் ஒருமுறை எதிரொளிப்பதால் வானவில் உண்டாகிறது என்று காட்டினார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற கிறித்தவத் துறவி, இவரை அறியாமலே இதே முடிவுக்கு வந்தார். இதை விரிவாகப் பேசினால் மஃரிப் வந்துவிடும்.

இனி நம் சூரியனுக்கு வருவோம். காற்று ஒளியை மிகச் சிறிதளவே தடுக்கிறது. பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் வேகம் குறைகிறது. ஹவுளின் நீர்மட்டத்தைப் போல் காற்றுக்கு ஒரே ஓர் எல்லை கிடையாது. மேலே மெலிந்தும் கீழே அடர்ந்தும் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆகவே ஒளி ஓரிடத்தில் ஒடியாமல், ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாகப் பூமியின் பக்கம் வளைந்து வருகிறது. தலைக்கு மேலுள்ள சூரியனுக்கு இதனால் மாற்றமில்லை. அடிவானத்திலோ ஒளி மிக நீண்ட காற்றைச் சாய்வாகக் கடக்க வேண்டியிருப்பதால் மொத்த வளைவு ஏறத்தாழ 34 கலை ஆகிவிடுகிறது. 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. சூரியனின் முழு விட்டமோ 32 கலைதான்! ஆகவே சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் அந்த நேரத்தில், சூரியன் முழுவதுமே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. அந்தத் தம்பி சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அதிகமாகத் தூக்கப்படுவதால்தான், மறையும் சூரியன் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, அமுக்கிய உருண்டை போல் தெரிகிறது.

துருவப் பகுதிகளில் குளிர்ந்த காற்று இதைவிடப் பெரிய விந்தை காட்டுவதுண்டு. பேரண்ட்ஸ் என்ற ஹாலந்துக் கடலோடியும் அவருடைய தோழர்களும் நோவாயா செம்லியா தீவில் பனியில் சிக்கி, சூரியனே இல்லாத நீண்ட இரவைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். 1597 ஜனவரி 24ஆம் நாள் அடிவானத்தில் சூரியன் தெரிந்தது. கணக்குப்படி அது வருவதற்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. ஊர் திரும்பிய பின் அதை எழுதியவரைப் பலர் நம்பவில்லை. நாள் தவறவிட்டிருப்பார்கள் என்றார்கள். அவர் கண்டது மெய்யே. பாகைக் கணக்கில் கீழே கிடந்த சூரியனைக் காற்றின் அடுக்குகள் தூக்கிக் காட்டியிருந்தன.

"அப்படியானால் சூரியன் போய்விட்டதே, முன்கூட்டியே நோன்பு திறக்கலாமா?" என்று ஒரு வாலிபர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். கூடாது. ஷரீஅத் சட்டத்தைக் கட்டியிருப்பது சூரியனின் வட்டம் நம் பார்வையிலிருந்து மறைவதன் மீது. பூகோளக் கணக்கில் அது இருக்கும் இடத்தின் மீதன்று. நம் பள்ளியில் தொங்கும் நேர அட்டவணையும் இதை அறிந்தே போடப்பட்டதாகும். சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்துக்கு 50 கலை கீழே இறங்கும் நேரத்தையே மறைவு என்று கணக்கிடுகிறார்கள். அதில் 34 கலை காற்றின் வளைவு. 16 கலை சூரியனின் அரை விட்டம். ஒரு பாகை நகர 4 நிமிடம் என்ற கணக்கில், காற்றின் வளைவுக்கு மட்டும் நம் பகுதியில் இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. இரண்டும் சேர்ந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல். இதைச் சேர்க்காமல் எவரேனும் அட்டவணை போட்டிருந்தால், நாம் சூரியன் கண்ணுக்குத் தெரியும்போதே நோன்பைத் திறந்து கெடுத்துக்கொண்டிருப்போம். காலையிலும் இப்படியே, சூரியன் மூன்று நிமிடம் முந்தித் தெரிவதால் பஜ்ருடைய நேரம் அவ்வளவு முந்தி முடிந்துவிடுகிறது. மார்ச் 20ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமம் என்று படித்திருப்பீர்கள். அந்த நாளிலும் நம்மூரில் பகல் ஏறத்தாழ 7 நிமிடம் கூடுதலாகவே இருக்கும்.

34 கலை என்பது சராசரி. வெப்பமும் காற்றழுத்தமும் மாறினால் அதுவும் சற்று மாறும். அட்டவணையில் பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் சேர்த்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. 2011இல் துபாயின் தலைமை முஃப்தி, புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் தளத்துக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150ஆம் தளத்துக்கு மேல் வசிப்போர் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று அறிவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது உயரத்தால் வருவது. காற்றின் வளைவால் அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறைக்கும் இந்த வளைவு உண்டு. ஆனால் பிறை விவகாரத்துக்குள் நான் இப்போது நுழைந்தால் கஞ்சி ஆறிவிடும்.

எனக்கு இவையெல்லாம் புரிந்த பிறகு அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போது அவர் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். "நான் அன்று சொன்னது தவறு, நீங்கள் சொன்னது சரி. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். "அதையெல்லாம் அன்றே மறந்துவிட்டேன் ஹஜ்ரத்" என்று சட்டென்று சொன்னார். அவ்வளவு விரைவாக வந்த பதிலிலிருந்தே அவர் மறக்கவில்லை என்பது தெரிந்தது. தனியே கேட்ட மன்னிப்பு சபையில் சொன்ன சொல்லுக்கு ஈடாகாது. அன்று மேல்மாடியில் சிரித்தவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முன்னிலையில் சொல்கிறேன்: அவர் கூறியது உண்மை, நான் அறியாமல் பேசினேன், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விடுமுறைக்காக அவர் நேற்று ஊர் வந்திருக்கிறார். வழக்கம் போல் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இன்றைய அட்டவணையில் மஃரிப் 6.25. வானம் தெளிவாக இருக்கிறது. விருப்பமுள்ளோர் 6.10க்கு மேல்மாடிக்கு வாருங்கள். கிண்ணமும் நாணயமும் நான் கொண்டுவருகிறேன். விளக்கம் அவர் சொல்வார். பைனாகுலர் போன்ற எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். வெறுங்கண்ணாலும் கூசும் வெளிச்சம் அடங்கும் வரை உற்றுப் பார்க்கக் கூடாது. சூரியனின் கீழ்விளிம்பு பனையடியைத் தொடும்போது, "இப்போது அங்கே இல்லை" என்று அவர் சொல்லட்டும். ஆனால் மோதினார் அவர்கள் பாங்கு சொல்லும் வரை யாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.